பித்தப்பைக் கல்லையும் மெஷினில் உடைக்கலாமா?

ஈரோட்டுக்காரன்:
அப்பாவுக்கு 61 வயசு. ராத்திரி பரோட்டா சாப்பிட்டா வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. ஸ்கேன்ல பித்தப்பையில ஒரு கல் 14 மி.மீ., கூடவே பொடிசா நாலஞ்சு. சர்ஜன் பையையே எடுத்துடலாம்ங்கறார். அப்பா கேக்கல. "உன் மாமாவுக்கு கிட்னி கல்லை மெஷின்ல உடைச்சாங்கல்ல, எனக்கும் அப்படியே பண்ணச் சொல்லு"ன்னு ஒரே பிடிவாதம். பித்தப்பைக்கும் அது உண்டா?

சிங்காநல்லூர்:
ஆப்பிள் ஜூஸ், ஆலிவ் ஆயில், எலுமிச்சை. மறுநாள் பச்சையா உருண்டை உருண்டையா விழும். எங்க அத்தைக்கு விழுந்துச்சு.

பிராங்க்பர்ட் பெரியவர்:
அது கல் இல்லை தம்பி, குடிச்ச எண்ணெய் வயித்துக்குள்ள சவர்க்காரமாகித் திரண்டு விழுறது.

ஈரோட்டுத் தம்பி, அந்த அதிர்வலை மெஷினில நான் படுத்தவன். 1985இல மியூனிக்கிலதான் முதன்முதல் பித்தக்கல்லை இப்பிடி உடைச்சவை. எனக்கு 1990இல. உடைச்சது ஒரு மணித்தியாலம், ஆளைச் சோதிச்சது மூண்டு நாள்.

முதல் நாள் இரவு ஆறு குளிசை. விடிய வெறும் வயித்தில எக்ஸ்ரே. குளிசை மருந்து பித்தப்பைக்குள்ள போய் வெள்ளையாத் தெரிஞ்சாத்தான் குழாய் திறந்திருக்கெண்டு அர்த்தம். அந்த வெள்ளைக்குள்ள கல் கறுப்பு ஓட்டை மாதிரி நிக்க வேணும். மருந்து இல்லாத எக்ஸ்ரேயிலயே கல் வெள்ளையாத் தெரிஞ்சா அதில சுண்ணாம்பு ஏறியிருக்கு, வீட்டை போகலாம். பிறகு ஒரு கோப்பை கிரீம் குடிக்கத் தந்து திரும்பவும் படம், பை சுருங்குதோ எண்டு பார்க்க. சுருங்காத பைக்குள்ள தூளாக்கி என்ன பிரயோசனம்? கிட்னித் தூள் மூத்திரத்தோட போயிடும். பித்தத் தூள் ஒடுக்கமான குழாயால இறங்க வேணும், போற வழியில கணையத்தின்ர வாசலும் இருக்கு.

மூண்டு கல்லுக்கு மேல எண்டால் அப்ப அந்த மெஷினுக்கு ஆளைச் சேர்க்கமாட்டினம். எல்லாம் சேர்த்து 30 மி.மீ. தாண்டக்கூடாது. 20க்குள்ள ஒற்றைக் கல் எண்டால் அவைக்குச் சந்தோசம். எனக்கு 17, ஒண்டே ஒண்டு. குப்புறப் படுக்க வைச்சு வயித்துக்கடியில தண்ணிப் பை. விரலால சுண்டுற மாதிரித்தான் இருந்தது. அதுக்குப் பிறகு மாசக்கணக்கில கரைக்கிற குளிசை.

நாலு வருசத்தில கல் திரும்பி வந்திட்டுது. கடைசியில லேப்ராஸ்கோப்பில, சின்னத் துளையளுக்கால கமரா விட்டுத்தான் பையை எடுத்தது. வேடிக்கை என்னெண்டால், அதே 1985 செப்டம்பரில ஜெர்மனியில பொப்லிங்கன் ஊரில எரிக் மூஹே எண்ட சர்ஜன் லேப்ராஸ்கோப்பால பித்தப்பை எடுத்திட்டார். அந்த முறை பரவினதோட இந்த மெஷினை ஆரும் தேடேல்லை.

ஸ்கேன் ரூம் மதுரை:
பெரியவர் சொன்ன கணக்குலயே உங்க அப்பா எண்ணிக்கையில அவுட். இன்னொண்ணு, நம்ம பக்கம் நிறமிக் கல் நிறைய, அதாவது பித்தத்தோட நிறப்பொருள் இறுகி உண்டாகற கல். கொலஸ்ட்ரால் கல்லைக் கரைக்கிற மாத்திரை அதுகிட்ட பலிக்காது. "கல்லை உடைச்சாங்க"ன்னு யாராவது சொன்னா எந்த இடத்துக் கல்லுன்னு கேளுங்க. கணையக் குழாய்க் கல்லையும், பித்தக் குழாயில மாட்டின பெரிய கல்லையும் இன்னைக்கும் உடைக்கறாங்க. பைக்குள்ள இருக்கறதை உடைக்கறது அபூர்வம். அப்பா வேற மாத்திரை ஏதாவது எடுக்கறாரா?

ஈரோட்டுக்காரன்:
இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வெச்சு அஞ்சு மாசம் ஆச்சு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை. சர்ஜன்கிட்ட சொன்னாரான்னு தெரியல.

ஸ்கேன் ரூம் மதுரை:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும் தம்பி! அந்த மாத்திரையோட அதிர்வலைப் பேச்சே கிடையாது. ஆபரேஷனுக்கும் தேதி குறிக்கறதுக்கு முன்னாடி இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவெடுக்கணும். நீங்களா ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்திடாதீங்க.