போகிக்கு மறுநாள், ‘பெரிய வீடு’ குழு

சித்ரா அத்தை, 7:12: எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். உங்கள் மாமா நேற்று விடிந்ததிலிருந்து இருமிக்கொண்டே இருக்கிறார். இன்று வாஷ்பேசினில் துப்பினால் சளி கண்மை கரைத்த மாதிரி கருப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது.

முரளி மாமா: ஒன்றுமில்லை. தெருவில் பசங்கள் டயர் கொளுத்தினார்கள், அந்தப் புகை.

கவிதா: மாமா, ரத்தம் கலந்திருக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? நெஞ்சில் விசில் சத்தம்?

முரளி மாமா: எதுவும் இல்லைம்மா. சளிதான் நூல் மாதிரி இழுக்கிறது.

கவிதா: அப்படியென்றால் அது புகைக்கரி. சளியில் ஒட்டியதால் வெளியே வந்திருக்கிறது.

சித்ரா அத்தை: இருமலை நிறுத்துகிற சிரப் இருக்கிறது, கொடுத்துவிடட்டுமா? தூங்குவார்.

கவிதா: இப்போது வேண்டாம் அத்தை. மூச்சுக்குழாயின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத முடிகள் இருக்கின்றன, ஒரு செல்லுக்குச் சுமார் 200. அடியில் தண்ணீர் மாதிரி ஒரு படலம், அதில்தான் அவை நிற்கும். அதன்மேல் வழுவழுவென்று சளி. முடிகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து அந்தச் சளியைத் தூசியோடு தொண்டைக்கு ஏற்றிவிடும். நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான், ஆனால் நிற்காது. நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம்.

செந்தில்: அக்கா, கையில் வெண்பொங்கல் தட்டு 🤢

கவிதா: அதோடு சேர்த்துத்தான் விழுங்குகிறாய்டா. சரி, புகை பட்டால் சளி கூடுதலாகச் சுரக்கும், முடிகளோ சோர்ந்துபோகும். சிகரெட் புகை அடியில் இருக்கும் நீரையும் வற்றவைக்கும். சளி கெட்டியாகி முடிகள்மேல் உட்கார்ந்துவிடும். தண்ணீர் விடாமல் மாவாட்டினால் கிரைண்டர் திணறுமே, அந்த நிலைமை. அப்புறம் இருமித்தான் தள்ள வேண்டும்.

பெரியப்பா: அதனால்தானா! நான் சிகரெட் பிடித்த காலத்தில் காலையில் எழுந்ததும் ஒரே இருமல். விட்ட புதிதில் இன்னும் அதிகம். மறுபடி பற்றவைக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

கவிதா: முடிகள் திரும்ப வேலையைத் தொடங்கும்போது சிலருக்கு அப்படி வரும் பெரியப்பா. நல்லவேளை, பற்றவைக்கவில்லை.

செந்தில்: 2018 போகிக்கு மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அவ்வளவு புகை.

முரளி மாமா: நான் ஈரத்துண்டு கட்டிக்கொண்டுதான் பக்கத்தில் நின்றேன்.

கவிதா: பெரிய தூசி கொஞ்சம் நிற்கும் மாமா. நுண்ணிய கரி உள்ளே போய்விடும். டயரில் கந்தகம் வேறு இருக்கிறது, எரிந்தால் அந்த வாயுவே எரிச்சல். வெந்நீர் அடிக்கடி குடியுங்கள். இரண்டு நாளில் குறையாவிட்டாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

சித்ரா அத்தை: இருங்கள். பக்கத்தில் நின்றீர்களா? எதற்கு?

செந்தில்: டயர் யாருடையது என்று கேளுங்கள் அத்தை 😄

சித்ரா அத்தை: மாடியில் செடி வைக்க எடுத்துவைத்த ஸ்கூட்டர் டயரா???

முரளி மாமா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்ரா அத்தை: பானை பொங்குகிறது. வந்து பேசிக்கொள்கிறேன்.