கச்சா சர்க்கரைக்கு அமெரிக்காவில் வரி 0.625 சென்டா, 15.36 சென்டா?

கேள்வி:
வணிகவியல் பாடத்துக்காக கச்சா கரும்புச் சர்க்கரை இறக்குமதி வரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் பவுண்டுக்கு 0.625 சென்ட் என்று ஓரிடத்திலும் 15.36 சென்ட் என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எது நிஜம்? அப்புறம், உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்கிற பிரேசிலை விட டொமினிக்கன் குடியரசுக்கு ஏன் கூடுதல் இடம்?

பதில் 1:
இரண்டுமே நிஜம்தான். ஒதுக்கீட்டுக்குள் (குறைந்த வரியில் அனுப்ப ஒவ்வொரு நாட்டுக்கும் வகுத்த அளவுக்குள்) வரும் சரக்குக்கு 0.625 சென்ட் (சலுகை ஒப்பந்தம் உள்ள பல நாடுகளுக்கு அதுவும் கிடையாது), அதற்கு மேல் வருவதற்கு 15.36. டன்னுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 339 டாலர். கப்பல் கூலியும் சேர்ந்தால் பெரும்பாலான வருடங்களில் கட்டுப்படியாகாது. ஆனால் 2023-24இல் அமெரிக்க விலை எகிறியபோது முழு வரியையும் கட்டியே நிறைய சரக்கு இறங்கியது.

உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த வாக்குப்படி குறைந்தபட்ச ஒதுக்கீடு 11,17,195 டன், அது 40 நாடுகளுக்குப் பிரிகிறது. 1975 முதல் 1981 வரை யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்பதுதான் அடிப்படை. டொமினிக்கனுக்கு 1,85,335 டன், பிரேசிலுக்கு 1,52,691, இன்றைக்குப் பெரிய ஏற்றுமதி நாடான தாய்லாந்துக்கு வெறும் 14,743! 1960இல் கியூபாவின் பங்கை அமெரிக்கா வெட்டியபோது அந்த இடத்தைப் பிடித்தவர்களில் டொமினிக்கனும் ஒன்று. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வியாபாரத்தை வைத்து இன்றைக்கும் பங்கு பிரிப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. அனுப்பச் சர்க்கரையே இல்லாத ஹைட்டிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சில நாடுகள் அனுப்பாமல் விட்டதைப் பிற்பாடு மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். சுங்கத்தில் 'கச்சா' என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அதன் வழியாக முனைவாக்கிய ஒளியை (ஒரே தளத்தில் அதிரும் ஒளியை) செலுத்தி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று போலாரிமீட்டரில் அளக்கிறார்கள். தூய சர்க்கரைக்கு அது 100 டிகிரி; 99.5 டிகிரிக்குக் கீழே என்றால் கச்சா. சந்தையில் ஒப்பந்தம் போடும் தரம் வழக்கமாக 96. இந்த எண்ணுக்காகப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. மெக்சிகோ சர்க்கரை விஷயத்தில் 2017இல் அமெரிக்கா அந்தக் கோட்டை 99.2க்கு இறக்கி, சுத்திகரித்த சர்க்கரையின் பங்கையும் 53 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக வெட்டியது. அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கச்சா சரக்கு போதவில்லை, அதுதான் காரணம்.

உள்ளூர்ச் சுத்திகரிப்பு ஆலைகளை வரி எப்படிக் காக்கிறது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும்: சுத்திகரிக்க வரும் கச்சாவுக்கு டன்னுக்கு 339 யூரோ, வெள்ளைச் சர்க்கரைக்கு 419. 100 டன் கச்சாவில் 92 டன் வெள்ளை கிடைக்கும் என்று வைத்தால், கச்சா வரி வெள்ளைச் சர்க்கரை டன்னுக்கு 368 யூரோ ஆகிறது. மீதி 51 யூரோ அங்குள்ள ஆலைகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. கரும்பு விளைகிற நாடு தன் ஊரிலேயே சுத்திகரித்து அனுப்ப நினைத்தால் இதுதான் குறுக்கே நிற்கும்.

கேட்டவர்:
நன்றி. அப்படியென்றால் ஒதுக்கீடு உள்ள நாட்டில் கரும்பு வெட்டுகிறவருக்கும் நல்ல லாபம் இருக்கும், சரிதானே?

பதில் 3:
இல்லைங்க, அதுதான் வயிற்றெரிச்சல். உலக விலையை விட அமெரிக்காவில் கிடைக்கும் கூடுதல் விலை முதலில் போய்ச் சேருவது ஒதுக்கீட்டில் சரக்கை அனுப்பும் ஆலைக்கும் வியாபாரிக்கும். டொமினிக்கனில் கரும்பு வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஹைட்டி வம்சாவளியினர். கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டில் 2022 நவம்பரில் அந்த நாட்டின் பெரிய ஆலை ஒன்றின் சர்க்கரையை அமெரிக்க சுங்கத் துறையே தடுத்து நிறுத்தியது, 2025 மார்ச்சில்தான் தளர்த்தியது. அமெரிக்காவுக்குள்ளேயும் ஆலைகளுக்குத்தான் முதல் காவல்: சர்க்கரையை ஈடு வைத்துக் கடன் வாங்கலாம், விலை விழுந்தால் கடனைக் கட்டாமல் சர்க்கரையையே அரசிடம் ஒப்படைத்துவிடலாம். அந்தக் கடன் விகிதம் 2025இல் பவுண்டுக்கு 19.75 சென்டிலிருந்து 24 ஆனது. சர்க்கரை தன் தலையில் விழக் கூடாது என்றுதான் அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடிக்கிறது.

பாடத்துக்கு எழுதும்போது நியூயார்க் சந்தையில் கச்சா சர்க்கரைக்கான 11ஆம் எண் முன்பேர ஒப்பந்தத்தையும் 16ஆம் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னது உலக விலை, பின்னது அமெரிக்க விலை. இடைவெளி எந்தெந்த வருடம் விரிந்தது என்று குறித்துக்கொண்டால் ஒதுக்கீடு வேலை செய்யும் விதம் தானாகப் பிடிபடும்.