ராத்திரி எட்டு மணி மாத்திரை

அம்மா: மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கப் பிள்ளை போடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு, இன்று அவன் ரத்தத்தில் மறுபடியும் குறைவு. போன தடவை சரியாக இருந்தது, அதற்கு முந்தைய தடவை குறைவு. டாக்டர் முகமே மாறிவிட்டது.

மாமா: சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுமே, அந்தக் கிரியேட்டினின் ஏறவில்லையே? மாப்பிள்ளை கால்பந்து எல்லாம் ஆடுகிறான். அப்புறம் என்ன பயம்?

சித்தி: அதில்தான் ஏமாந்துபோகிறோம் அண்ணா. 1954-ல் பாஸ்டனில் முதன்முதலில் வெற்றியடைந்த சிறுநீரக மாற்று, ஒரே மாதிரி இரட்டையருக்குள் நடந்தது. அதனால் உடம்பு ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு அது என்றைக்கும் அந்நிய உறுப்புதான், மாத்திரைதான் காவல். நிராகரிப்பு சத்தமில்லாமல் தொடங்கும். கிரியேட்டினின் ஏறுவதற்குள் சேதம் ஆகியிருக்கும். அளவு இப்படி ஏறி இறங்குவதே எச்சரிக்கை.

அக்கா: தினமும் எட்டு மணிக்கு ஆளுக்கொரு தடவை போன் செய்து கேட்போமா?

சித்தி: வேண்டாம். எங்கள் வார்டில் பார்க்கிறேனே, ஆளாளுக்குக் கேட்டால் பிள்ளைகள் "போட்டாச்சு" என்று சொல்லிவிடுவார்கள். எந்த வேளை தவறுகிறது, ஏன் என்று அவனே சொல்லட்டும். யாரும் திட்டக்கூடாது.

நான்: காலை மாத்திரை தவறாது சித்தி. ராத்திரிதான். எட்டு மணிக்கு மைதானத்தில் இருப்பேன், எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறக்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தூங்கிவிடுகிறேன். ஸ்டீராய்டில் முகம் வீங்கி, பரு வேறு. போட்டோவில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அம்மா: என்னிடம் சொல்லியிருக்கலாமே கண்ணா.

நான்: நீ அழுவாய் அம்மா.

சித்தி: சொன்னாயே, அதுவே பெரிய விஷயம்டா. உனக்கு 12 மணி நேர இடைவெளிதான் முக்கியம். மைதானத்துக்குக் கிளம்பும் முன் போடுகிற மாதிரி காலை 6, மாலை 6 என்று மாற்றலாமா என்று கேள். டாக்ரோலிமஸில் நாளுக்கு ஒரே தடவை போடுகிற வகையும் உண்டு, உனக்கு ஒத்துவருமா என்று அவர்கள் சொல்வார்கள். முகம், பரு பற்றியும் மறைக்காமல் சொல். நீயாக எதையும் குறைக்காதே. விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாமல் கிளினிக்கைக் கூப்பிடு. பரிசோதனை நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை.

அம்மா: இனி நானே எடுத்துக் கையில் கொடுக்கிறேன்.

சித்தி: அக்கா, இன்னும் கொஞ்ச நாளில் பெரியவர்கள் பிரிவுக்கு மாறிவிடுவான். அந்த வயதில்தான் நிறையப் பேர் உறுப்பை இழக்கிறார்கள். இப்போதிருந்தே அவன் கைக்கு வரட்டும், நீ கூட இருந்து பார்.

நான்: வாரத்து டப்பாவை நானே நிரப்புகிறேன் அம்மா, நீ சரிபார். ராத்திரி நினைவூட்ட அக்கா மட்டும் போதும். ஒரு பந்து எமோஜி அனுப்பு. போட்டதும் நானும் அதையே அனுப்புகிறேன்.

அக்கா: சரி தம்பி.

மாமா: திங்கள்கிழமை கிளினிக்குக்கு நான் கூட்டிப்போகிறேன் மாப்பிள்ளை. நான் வெளியே உட்காருகிறேன், உள்ளே நீ தனியாகப் பேசு.