யானைமலை மறைக்கிறது: துருவ நட்சத்திரம் இல்லாமல் வடக்கைப் பிடிப்பது எப்படி?

ஒத்தக்கடை:
புதுத் தொலைநோக்கி, ஈக்வடோரியல் மவுண்ட் (வான வடதுருவத்தை நோக்கி வைத்த அச்சில் சுழன்று நட்சத்திரத்தைப் பின்தொடரும் தாங்கி), அதைச் சுழற்ற மோட்டாரும் உண்டு. மொட்டைமாடியில் ஃபோன் காம்பஸ் காட்டிய வடக்குக்கு அச்சைத் திருப்பி, மதுரையின் அட்சரேகை 9.9 என்பதால் உயரத்தை 10 டிகிரிக்கு வைத்தேன். ராத்திரி பத்து மணி வாக்கில் ஓரியன் நெபுலாவை (ஓரியன் விண்மீன் கூட்டத்திலுள்ள வாயு மேகம்) நடுவில் வைத்தால் ஏழெட்டு நிமிஷத்தில் தெற்கே நழுவி வெளியே போய்விடுகிறது. துருவ நட்சத்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்றால் வடக்கே யானைமலை. மோட்டார் கோளாறா?

திருமங்கலம்:
மோட்டார் நின்றுபோனால் மேற்கேதான் ஓடும் தம்பி. ஜனவரியில் அந்த நேரத்துக்கு ஓரியன் வடக்குதெற்குக் கோட்டை ஒட்டி நிற்கும், அங்கே தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். மாடியில் கான்கிரீட்டுக்குள் கம்பி, பக்கத்தில் இரும்புக் கதவு, காம்பஸ் என்ன செய்யும் பாவம்.

சூரியனை வைத்துப் பிடியுங்கள். கொத்தனார் தூக்குக்குண்டை ஒரு ஸ்டூலில் கட்டித் தொங்கவிட்டு, சரியாக 12:27க்கு நூலின் நிழல்மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதுதான் அசல் வடக்குதெற்கு, அச்சை அதற்கு நேராகத் திருப்புங்கள். 12 மணிக்கு இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, மதுரை 78.1, அதனால் 17 நிமிஷம் பிந்தும். மீதிப் பத்து நிமிஷம் ஜனவரி நடுவுக்கான கணக்கு, உச்சிப்பொழுது வருஷம் முழுக்க முன்னே பின்னே நகரும், நவம்பர் தொடக்கத்தில் 12:01க்கே உச்சிப்பொழுது வந்துவிடும். ஏப்ரல் நடுவில் முயலாதீர்கள், சூரியன் தலைக்குமேல் வந்து நிழலே இருக்காது!

திருப்பரங்குன்றம்:
முக்காலியையும் பாருங்கள். 10 டிகிரிக்குத் தாழ்த்தினால் எடைத்தண்டு (தொலைநோக்கிக்கு ஈடாக எதிர் எடை மாட்டிய கம்பி) வடக்குக் காலில் இடிக்கும், இடித்ததும் அச்சு நகர்ந்துவிடும். இரண்டு காலை வடக்கே வைத்தால் தண்டு நடுவில் புகுந்து போகும். வடக்கே மலை மறைக்காத எங்கள் பக்கமே புழுதியில் துருவ நட்சத்திரம் தெரிவது அபூர்வம், நான் அதை நம்பி உட்காருவதில்லை.

ஒத்தக்கடை:
கோடு போட்டாச்சு அண்ணே. காம்பஸ் வடக்கு எட்டு டிகிரி கிழக்கே இருந்தது! அம்மா கோலம் என்று நினைத்துக் கழுவப் பார்த்தார்கள், நல்லவேளை தடுத்துவிட்டேன். முக்காலியின் கால்களையும் திருப்பி வைத்தேன். நேற்று அரைமணி நேரம் நெபுலா அப்படியே நின்றது, கொஞ்சம்தான் நகர்ந்தது.

திருமங்கலம்:
அந்தக் கொஞ்சத்தை இன்று சரிபண்ணுங்கள். ஓரியன் பெல்ட்டின் மேற்கு நட்சத்திரம் மின்டகா கிட்டத்தட்ட வான நடுக்கோட்டிலேயே (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) இருக்கிறது, பத்தேகாலுக்கு உச்சிக்கு 10 டிகிரி தெற்கே வரும். அதை நடுவில் வையுங்கள். தெற்கே நழுவினால் அச்சை மேற்கே, வடக்கே நழுவினால் கிழக்கே, மயிரிழை மயிரிழையாக. சாக்பீஸ் கோட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.