பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி நிதி: பெங்களூரில் உங்களுக்கு என்ன நடந்தது?

அல்சூர் ஏரிக்கரை:
ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கம் பக்கம் வந்தால் பத்தில் இரண்டு பேர் பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்களாக இருக்கிறோம். அங்கே டீக்கடையில் புலம்புவதை இங்கே எழுதலாமே என்று தோன்றியது. நான் பீரியோவில் (ஈறு சிகிச்சைத் துறை) ரீடர், தனியார் கல்லூரி. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையில் 2020-இல் பல் மருத்துவத்துக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் நிர்வாகத்துக்கு ஆராய்ச்சி மேல் திடீர்ப் பாசம். "ப்ராஜெக்ட் கொண்டு வாங்க மேடம்" என்கிறார்கள். ஓபி, யூஜி கிளினிக், எம்டிஎஸ் (பல் மருத்துவ முதுநிலை) செமினார், இன்ஸ்பெக்ஷன் ஃபைல் எல்லாம் முடித்துவிட்டு எந்த நேரத்தில் கொண்டு வருவது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். வெளியிலிருந்து பணம் வாங்கியவர்கள், வாங்கப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம், வம்பு.

பல்லவன்:
எனக்குப் பணம் வந்த பிறகுதான் பிரச்சினையே. நான் கன்சர்வேடிவ் துறை, பல் அடைப்பது. ஆர்ஜியுஹெச்எஸ் (ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம்) தன் கீழுள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி தருவது எல்லாருக்கும் தெரியும். அதில் என் ப்ராஜெக்ட் தேறியது. கம்போசிட் (பல் நிற அடைப்பு) டென்டினோடு (எனாமலுக்கு அடியில் உள்ள பல் பகுதி) எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று பார்ப்பது; எம்டிஎஸ் படித்தவர்களுக்குப் புதிதில்லை. ஒட்டிய பல்லை 5 டிகிரித் தண்ணீரிலும் 55 டிகிரித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி 500 முறை முக்கி எடுத்து, அப்புறம் யூடிஎம் என்ற இழுத்துச் சோதிக்கும் கருவியில் பிய்த்துப் பார்க்க வேண்டும். சூடான காபியும் ஐஸ்கிரீமும் மாறி மாறிப் போகும் வாயைப் போல.

சாங்க்ஷன் லெட்டர் பிரின்சிபால் பெயருக்கு வந்தது, பணம் கல்லூரிக் கணக்குக்கு. அக்கவுண்ட்ஸில் இருந்த அண்ணா மதுரைப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டர், இது டொனேஷனா, ஃபீஸா? எந்த ஹெட்ல போடுறது?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் ஆராய்ச்சி என்ற பெயரில் வெளிப்பணம் அதுவரை நுழைந்ததே கிடையாது. தனிக் கணக்கு திறக்க டிரஸ்ட் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்துக்கு சேர்மன் ஊரில் இருக்க வேண்டும்.

அப்புறம் பாண்டிங் ஏஜென்ட் (ஒட்டும் திரவம்) வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். அந்த பிராண்டுக்கு ஊரில் ஒரே டிஸ்ட்ரிபியூட்டர். மூன்று லெட்டர்ஹெட்டில் மூன்று விலை வந்தது, சரக்கு ஒரே குடோனிலிருந்து. விதிப்படி எல்லாம் சரி.

இதற்கு நேர் எதிர் ஐஐஎஸ்சி-யில் (இந்திய அறிவியல் கழகம்) செம், அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், எடுக்கப் போனபோது நடந்தது. வெளிக் கல்லூரிக்கு ஒரு ரேட், கம்பெனிக்கு வேறு ரேட், ஜிஎஸ்டி தனி, எல்லாம் எழுதியே ஒட்டியிருந்தது. கருவியைப் பார்த்துக்கொள்பவர் நான் நீட்டிய பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஈரமா இருக்கா சார்?" என்றார். டென்டின் முழுக்க நுண்குழாய். உள்ளே தண்ணீர் நின்றால் வெற்றிடத்தில் விரிசல் விடும். ஒட்டு விட்டதால் வந்த பிளவு எது, கருவிக்குள் போய் வந்த பிளவு எது என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனாலில் 50, 70, 90, 100 என்று படிப்படியாக ஏற்றி எப்படி உலர்த்துவது, தங்கப் பூச்சு எவ்வளவு நேரம் என்று நின்று சொல்லித் தந்தார். அது அவர் வேலையே இல்லை. எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு ஆள் சம்பளத்தில் இருந்தால் பாதிப் பேர் ப்ராஜெக்ட் எழுதுவார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் லேப் முன்பணம் கேட்கிறது, எங்கள் அக்கவுண்ட்ஸ் பில் வந்தால்தான் பணம் என்கிறது. கடைசியில் என் கார்டில் கட்டினேன். திரும்ப வாங்கியது தனிக் கதை, அதை எழுதினால் பிபி ஏறும்.

கருவி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் ஐ-ஸ்டெம் தளத்தில் தேடுங்கள். 2020 ஜனவரியில் நம்ம ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த அறிவியல் மாநாட்டில் தொடங்கி வைத்தது. நாடு முழுக்க உள்ள கருவிகள் அதில் இருக்கின்றன, அங்கேயே ஸ்லாட் கேட்கலாம்.

எம்டிஎஸ் இரண்டாம் வருஷம்:
அண்ணா, கார்டில் கட்டினேன் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். எங்கள் டெசர்ட்டேஷன் முழுக்க எங்கள் அப்பா கார்டுதான். கிட், லேப், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், பைண்டிங், எல்லாம். இதுவும் "ஃபண்டிங்" கணக்கில் வருமா?

பல்லவன்:
தம்பி, படிவத்தில் அதற்கு "செல்ஃப் ஃபண்டட்" என்று கௌரவமான பெயர் உண்டு.

பங்காருப்பேட்டை மெமு:
நான் பப்ளிக் ஹெல்த் டென்டிஸ்ட்ரி. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ப்ராஜெக்ட் ஒன்றில் கோ-இன்வெஸ்டிகேட்டராக இருந்தேன், கோலார் பக்கம் ஃப்ளூரோசிஸ் சர்வே. பூர்வீகம் கேஜிஎஃப் (கோலார் தங்கவயல்) என்பதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு எனாமலில் சுண்ணாம்புக் கோடு விழும், முற்றினால் பழுப்பு. பள்ளிக்கூட வராந்தாவில் பிள்ளையை வெளிச்சம் பார்த்து உட்கார வைத்து டீன் இண்டெக்ஸ் என்ற ஃப்ளூரோசிஸ் அளவுகோல்படி மார்க் போடுவது வேலை. சுரங்கக் குடும்பத்துப் பாட்டி ஒருவர் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் வாயைத் திறந்து காட்டி, "தங்கம் எடுத்த மண்ணு டாக்டரம்மா, பல்லு மட்டும் பித்தளை" என்றார். ரிப்போர்ட்டில் அதைப் போட வழியில்லையே என்று வருத்தம்தான்.

களத்தில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை கல்லூரியில், ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) சம்பளத்தில். நெட் தேர்வில் தேறியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூருக்கு அந்தப் படி 30 சதவீதம், ஆக மொத்தம் 48,100. இதைப் பார்த்ததும் நிர்வாகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க லெக்சரருக்கே இவ்வளவு தரலையே, இந்தப் பையனுக்கு எப்படிக் கொடுக்கிறது?" பணம் அவர்களுடையது இல்லை, ஐசிஎம்ஆருடையது, அந்தப் பையனுக்கென்றே வந்தது என்று புரியவைக்க ஒரு பருவமே போனது. அதற்குள் பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். லெக்சரர் சம்பளத்தை உயர்த்தலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

புள்ளிராஜா:
நான் பல் மருத்துவன் இல்லை, புள்ளியியல் ஆள். நிதிக் குழுக்களில் உட்கார்ந்து டென்டல் ப்ரொபோசல் நிறையப் படித்திருக்கிறேன். கல்லூரியைத் திட்டுவதெல்லாம் நியாயம்தான். ஆனால் பல ப்ரொபோசல் கல்லூரி வரைக்கும் போகாமலே விழுகிறது, காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: நீங்கள் எண்ணுவது பல்லையா, ஆளையா?

பீரியோ மேடத்துக்குப் பிடித்த உதாரணமே எடுக்கிறேன். 20 பேர், ஒவ்வொருவர் வாயிலும் 6 பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் குழி), ஆக 120 என்று எழுதுவீர்கள். ஒரே வாயில் இருக்கும் ஆறும் ஒரே எச்சில், ஒரே சிகரெட், ஒரே சர்க்கரை. ஒரு வீட்டில் ஆறு பேரிடம் கேட்டுவிட்டு தெருவே சொன்னது என்பது போல. அந்த ஒற்றுமைக்கு 0.2 என்று ஒரு மதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 1 + (6 − 1) × 0.2 = 2. 120-ஐ அந்த 2-ஆல் வகுக்க வேண்டும். அதாவது உங்கள் 120, உண்மையில் 60-க்குத்தான் சமம். குழுவில் ஒருவர் இதைக் கேட்டதும் திரைக்கு அந்தப் பக்கம் ஒரே அமைதி. அப்புறம் "எங்க ஸ்டாட்டிஸ்டிஷியன் போட்டார் சார்" என்று பதில் வரும். அந்த ஸ்டாட்டிஸ்டிஷியன் யார் என்றால் கல்லூரிக்கு வெளியே, அட்டவணைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கடைசி வாரத்தில் கணக்குப் போட்டுக் கொடுப்பவர். ப்ரொபோசல் எழுதும்போதே அவரைக் கூட உட்கார வைத்தால் பாதிக் கேள்வி வராது. அதற்குச் சம்பளம் கொடுக்கத்தான் எந்தக் கல்லூரிக்கும் மனசில்லை.

இன்னொன்று, நோயாளியை வைத்து ட்ரயல் செய்பவர்கள் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்னால் போய்ப் பதிவு செய்யும் கதவை மூடிவிட்டார்கள்.

பிரேசர் டவுன்:
என் அக்கா அமெரிக்காவில் டென்டல் ஸ்கூல் ஃபேகல்ட்டி. பட்ஜெட் போடுவது, படிவம் நிரப்புவது, கணக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் அங்கே தனி ஆபீஸ், அவள் அறிவியல் பகுதி மட்டும் எழுதுகிறாள். பல் ஆராய்ச்சிக்கென்றே என்ஐடிசிஆர் என்று ஒரு தேசிய நிறுவனம் 1948-இலிருந்து இருக்கிறது. சேர்ந்து செய்யலாமே என்று ஆசையாக ஆரம்பித்தோம். இங்கே ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி அனுமதி வேண்டும், நன்கொடை வகையில் பணம் வந்தால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்), அதற்கு டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்சில் கணக்கு. இதெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே 2025 மே மாதம் என்ஐஹெச் (என்ஐடிசிஆரின் தாய் நிறுவனம்) வெளிநாட்டு உள்மானியங்களை, அதாவது அங்கே மானியம் வாங்கியவர் வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பிரித்துத் தருவதை, புதிதாகத் தருவதை நிறுத்தி வைத்தது. இப்போது அக்காவும் நானும் வாட்ஸப்பில் சமையல் குறிப்பு மட்டும் பரிமாறிக்கொள்கிறோம்.

ஜெயநகர் தாத்தா:
அரசுக் கல்லூரியில் இருந்து ரிட்டயர் ஆனவன். எல்லாரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், முடிப்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் தவணை நிற்பது அங்கேதான். யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட் (பணத்தை உரியபடி செலவழித்தோம் என்ற சான்று) ஜிஎஃப்ஆர், அதாவது மத்திய அரசு நிதி விதிகளின், 12-ஏ படிவத்தில் போக வேண்டும். மார்ச் 31 கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். மத்திய அரசுப் பணத்துக்கு வங்கி வட்டி கொடுத்தால் அதுவும் உங்களுடையது இல்லை, திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு டிரஸ்ட் அந்த வட்டியை ஹாஸ்டல் பெயிண்டுக்குப் போட்டுவிட்டு, பிஐ-யை (ப்ராஜெக்ட் பொறுப்பாளர்) பதில் எழுதச் சொன்னது எனக்குத் தெரியும். ஆகவே முதல் நாளிலிருந்து ஒரு நகல் உங்கள் டிராயரில் இருக்கட்டும், அக்கவுண்ட்ஸை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு மாற்றல் வரும்.

அல்சூர் ஏரிக்கரைக்கு: முதலில் உங்கள் கல்லூரிக்கு டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் கல்லூரி ஐசிஎம்ஆரில் போட அந்தச் சான்று கேட்பார்கள். இருந்தாலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தை எழுதி உட்காராதீர்கள், ஆர்ஜியுஹெச்எஸ் நிதியில் தொடங்குங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
தாத்தா, ஆபீஸில் கேட்டேன். "டிஎஸ்ஐஆரா? அது ஆர்டிஓ சமாச்சாரமா மேடம்?" என்றார்கள். டிரஸ்ட் ஆபீஸில் ஒரு பழைய சான்று இருக்கிறதாம், தேடுகிறார்களாம். அதுவரை பல்கலைக்கழக விண்ணப்பத்தை எழுதுகிறேன். புள்ளிராஜா சார், என் சாம்பிள் சைஸ் பக்கம் மட்டும் பார்த்துத் தருவீர்களா? 120 என்று போட்டிருக்கிறேன்.

புள்ளிராஜா:
அனுப்புங்க மேடம். எத்தனை பேர் வாயிலிருந்து என்பதையும் சேர்த்து அனுப்புங்க.