சிவதாபுரம் பட்டறைப் பணம்: கூட்டுறவில் போடுவதா, வங்கியில் போடுவதா?

கொலுசுப்பட்டறை
எங்களுடையது சேலம் சிவதாபுரத்தில் சின்னக் கொலுசுப் பட்டறை. நான், தம்பி, மூன்று ஆட்கள். வியாபாரி வெள்ளி கொடுப்பார், கொலுசாக்கிக் கொடுத்தால் கூலி வரும். மாதம் எழுபது, எண்பதாயிரம் உள்ளே வந்தால் முக்கால்வாசி அதே வாரத்தில் ஆள் கூலிக்கும் கேஸுக்கும் போய்விடும். இவ்வளவு நாளும் ஒரு தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு. போன வாரம் பாஸ்புக் பதிந்து பார்த்தால், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மூன்று தடவை பிடித்திருக்கிறார்கள், அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஆடி மாதம் வேலையே இல்லை, இருப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா, "தெருமுனைக் கூட்டுறவுல போடுடா, வட்டி கூட வரும், எல்லாரும் தெரிஞ்சவங்க" என்கிறார். டல்லாஸில் இருக்கும் மச்சானும், அங்கே அவன் கிரெடிட் யூனியனில்தான் கணக்கு வைத்திருக்கிறான், வங்கியை விட அதுதான் மேல் என்கிறான். கிரெடிட் யூனியன் என்றால் அங்கே உறுப்பினர்களே நடத்தும் கடன் சங்கமாம். அன்றாட வரவுசெலவுக்கு எது சரி?

ஐந்துரோடு
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேசாமல் ஸ்டேட் பாங்க் போங்கள். சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை 2020 மார்ச்சிலேயே எடுத்துவிட்டார்கள். கூட்டுறவு என்றால் கையால் எழுதிய பாஸ்புக், மதியம் பூட்டிய கதவு, "செயலாளர் மீட்டிங் போயிருக்காரு". கேஸ்காரருக்குக் கைபேசியில் இருந்து பணம் அனுப்ப முடியுமா அதில்?

செவ்வாய்பேட்டை மண்டி
தம்பி, கூட்டுறவு வங்கியும் கூட்டுறவு சங்கமும் ஒன்றா என்று முதலில் பாருங்க. எங்கள் மண்டிக் கணக்கு அப்பா காலத்தில் இருந்து ஒரு நகரக் கூட்டுறவு வங்கியில்தான். ஏடிஎம் கார்டு இருக்கிறது, யுபிஐ இருக்கிறது. ஒரு தடவை பார்ட்டி கொடுத்த செக் திரும்பிவிட்டது, வெளியே லாரி நிற்கிறது, வாடகை கொடுத்தாக வேண்டும். மேனேஜருக்குப் போன் போட்டேன், நேரில் வரச் சொன்னார், ஒரு மணி நேரத்தில் வழி செய்து கொடுத்தார். பெரிய வங்கியில் மூன்று வருடத்துக்கு ஒரு மேனேஜர். ஒவ்வொருவரிடமும் நாங்கள் யார், எத்தனை வருடமாக மண்டி நடத்துகிறோம் என்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஐந்துரோடு
அந்த மேனேஜர் நல்லவர் அண்ணா. வங்கி நல்லதா? மும்பையில் பிஎம்சி என்று ஒரு கூட்டுறவு வங்கி. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கை வைத்ததும், ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். ஆயிரம்! அதற்கு முந்தைய நாள் வரை அங்கேயும் தெரிந்த மேனேஜர்தான் உட்கார்ந்திருந்திருப்பார்.

செவ்வாய்பேட்டை மண்டி
சரி, 2020 நவம்பரில் நம்ம கரூர் லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000-க்கு மேல் எடுக்கக் கூடாது என்றார்களே, அது கூட்டுறவா? அதே வருடம் மார்ச்சில் யெஸ் பாங்க், அங்கே 50,000. அதுவும் கூட்டுறவா?

ஐந்துரோடு
லட்சுமி விலாஸ் பத்தே நாளில் டிபிஎஸ் என்ற வேறு வங்கியின் கைக்குப் போய்விட்டது. யெஸ் பாங்கை அந்த மாதமே ஸ்டேட் பாங்க் தூக்கி நிறுத்தியது. பிஎம்சியை வேறு வங்கியோடு சேர்த்தது 2022 ஜனவரியில்தான். விழுவது எல்லா இடத்திலும் நடக்கும். தூக்கிவிட யார், எத்தனை நாளில் வருகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஓய்வு சார்பதிவாளர்
கூட்டுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இருவரும் நன்றாகச் சண்டை போடுகிறீர்கள். ஆனால் கேட்டவர் தெருமுனையில் இருப்பது என்ன என்று இருவரும் கேட்கவில்லை.

நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி இவை வங்கிகள். ரிசர்வ் வங்கி உரிமம் உண்டு, வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. அதற்கு முன்பு ஒரு லட்சம்தான். ஸ்டேட் பாங்காக இருந்தாலும் இதே 5 லட்சம்தான். நாலு கிளையில் பிரித்துப் போட்டால் நாலு காப்பீடு கிடைக்காது, எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். 2021-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, வங்கியை முடக்கினால் 90 நாளுக்குள் அந்தக் காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் இவை வங்கிகள் அல்ல. உறுப்பினர்களின் சங்கங்கள். இந்தக் காப்பீடு இவற்றுக்குக் கிடையாது. டல்லாஸ் மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பெரும்பாலான கிரெடிட் யூனியன்களுக்கு 2,50,000 டாலர் வரை மத்திய அரசு அமைப்பின் காப்பீடு இருக்கிறது. அந்தக் கிரெடிட் யூனியன், நம் சங்கம் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்கள். 1890-களில் நிக்கல்சன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை மாகாணத்துக்காக எழுதிய அறிக்கை, அப்புறம் 1904 கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம்... ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

சங்கத்தில் தப்பு நடந்தால் துறை சும்மா இருக்காது. கூட்டுறவுச் சட்டம் 81-வது பிரிவில் விசாரணை உண்டு, தண்டத்தீர்வை உண்டு, அதாவது நட்டத்தைத் தப்பு செய்தவரிடமே வசூலிப்பது. நானே ஒரு சங்கத்துக்கு விசாரணைக்குப் போயிருக்கிறேன். ரசீது கொடுத்திருக்கிறார்கள், பேரேட்டில் வரவே இல்லை. ஒரு அம்மா அந்த ரசீதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருக்கு அசல் திரும்பி வர நான்கு வருடம் ஆனது.

வெள்ளக்கடை மிளகு
ஐயா சொல்வது சரி, ஆனாலும் நான் சங்கத்தின் பக்கம்தான் பேசுவேன். ஏற்காட்டில் எங்கள் ஊரில் மழை பிடித்தால் டவர் போய்விடும், ஐந்துரோடு அண்ணாவின் யுபிஐ எல்லாம் அப்போது சும்மா. எங்களுக்கு லேம்ப் சங்கம்தான், மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவு சங்கம். உரம், ரேஷன், கடன் எல்லாம் அங்கேயே. அதை விட்டால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் வர வேண்டும். 2021-ல் ஐந்து பவுனுக்குள் நகைக்கடன் தள்ளுபடி வந்தபோது அம்மாவின் நான்கு பவுன் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்துத் தோட்டத்து அக்கா வங்கியில் வைத்திருந்தார், அவருக்கு ஒன்றும் இல்லை.

ஐந்துரோடு
தள்ளுபடியை நம்பிக் கணக்கு ஆரம்பிப்பதா? ஒழுங்காகக் கட்டி அதற்கு முன்பே நகையை மீட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?

வெள்ளக்கடை மிளகு
தள்ளுபடியை விடுங்க. பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் எங்களுக்கு வட்டியே இல்லை. அது உறுப்பினராக இருப்பதால் வருவது. உங்கள் வங்கி அப்படிக் கொடுக்குமா?

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். மிளகு விற்ற பணத்தை நான் சங்கத்தில் வைப்பதில்லை, ஏற்காடு டவுனில் வங்கியில்தான் போடுகிறேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லிவிடாதீர்கள்.

கொலுசுப்பட்டறை
இன்று போய் போர்டைப் படித்துப் பார்த்தேன் ஐயா. மேலே பெரிய எழுத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். கீழே வேறு பெயின்டில் "மினி பேங்க்". அம்மா கண்ணுக்கு இருபது வருடமாகக் கீழ்வரிதான் தெரிந்திருக்கிறது.

ஓய்வு சார்பதிவாளர்
அந்தக் கீழ்வரி பெயின்ட்தான். சங்கங்கள் பெயரில் வங்கி என்று போடக்கூடாது, அப்படிப் போட்டதை நம்பி ஏமாறாதீர்கள் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு வெளியிட்டது.

இன்னொன்று. பட்டறை வரவுசெலவு என்றால் முறைப்படி நடப்புக் கணக்குதான் வைக்க வேண்டும். அதற்கு வங்கிகள் வட்டி தருவதில்லை. சேமிப்பிலேயே வைத்தாலும் உங்கள் கணக்கில் சராசரியாக எவ்வளவு தங்கும்? பதினைந்தாயிரம்? ஒரு சதவீதம் கூடுதல் வட்டி என்றால் வருடத்துக்கு 150 ரூபாய். அம்மா சொல்லும் "வட்டி கூட" என்பது நிரந்தர வைப்புக்கு. உங்கள் கேள்விக்கு அது பொருந்தாது. ஐந்துரோடு தம்பி சொன்ன ஸ்டேட் பாங்க் சலுகையும் சேமிப்புக் கணக்குக்கு மட்டும்தான். நடப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு அங்கேயும் கேட்பார்கள்.

ஐந்துரோடு
ஆமாம், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஆடி மாதம் அடிக்கிற அபராதம் எவ்வளவு என்று இரண்டு மூன்று வங்கியில் கட்டணப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். மண்டி அண்ணா வங்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே கணக்கு ஆரம்பித்தால் முதல் நாள் ஐந்து ரூபாய் அனுப்பிப் பாருங்கள். போனால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

செவ்வாய்பேட்டை மண்டி
ஐந்து ரூபாய் எதற்கு, ஐம்பதாயிரமாகவே அனுப்பச் சொல்லுங்க.

கொலுசுப்பட்டறை
பட்டியல் வாங்கிவிட்டேன். ஒரு பொதுத்துறை வங்கி, மண்டி அண்ணா சொன்ன மாதிரி ஒரு நகரக் கூட்டுறவு வங்கி. கேட்கிற இருப்பு கூட்டுறவில் குறைவு, பட்டறையில் இருந்து தூரம் அதிகம். வியாபாரி பணம் போடுவது அந்தப் பொதுத்துறை வங்கியில் இருந்து என்பதால் தம்பி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் கூட்டுறவு வங்கிப் பக்கம் சாய்ந்திருக்கிறேன். திங்கள்கிழமை போகிறேன்.

சங்கத்தில் அம்மா பெயரில் இருக்கும் பங்குத்தொகையை எடுக்கவில்லை. நகைக்கடனுக்கு அது இருக்கட்டும். வைப்பாக வைத்திருக்கும் அறுபதாயிரத்தை மட்டும் தவணை முடிந்ததும் மாற்றலாம் என்றேன். செயலாளர் பையன் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கிறதாம், அது முடியட்டும் என்கிறார் அம்மா.