அப்பாவுக்கு 72 வயது: நிமோனியா ஊசி 13-ஆ, 23-ஆ?

குடந்தை மகன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்தில், நான் ஓசூரில். அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சுகர், ஸ்டென்ட் வைத்திருக்கிறது, தினமும் ஆஸ்பிரின். போன மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் மழைக்கு முன்னால் நிமோனியா ஊசி போட்டுவிடுங்கள் என்றார், கூட்டம் நெரிந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை. மெடிக்கல் ஷாப்பில் 13 என்று ஒன்று இருக்கிறது, 23 என்று ஒன்று இருக்கிறது, எது வேண்டும் என்கிறார்கள். சித்தப்பா அது கைக்குழந்தைக்குப் போடுகிற ஊசி என்கிறார். அப்பாவோ, நல்லா இருக்கிறவனுக்கு ஊசியைப் போட்டு நோயை உள்ளே விடப் பார்க்கிறாயா என்று பிடிவாதம். பக்கத்து வீட்டுத் தாத்தா போன ஐப்பசியில் சளி என்று படுத்தவர் பத்து நாளில் போய்விட்டார், அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

தம்பி, நான் முப்பது வருடம் வார்டில் இருந்தவள், தெரிந்ததைச் சொல்கிறேன். 13, 23 என்பது நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற கிருமியின் எத்தனை வகைகளுக்கு எதிரான ஊசி என்பதைக் குறிக்கும் எண். அந்தக் கிருமியில் ஏறக்குறைய நூறு வகை உண்டு. 23 பெரிய எண், அதனால் அதுவே மேல் என்று தோன்றும், ஆனால் கணக்கு அப்படி இல்லை. 23-இல் இருப்பது கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருள் மட்டும். உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கும், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ளாது, சில வருடங்களில் அந்தப் பலம் இறங்கிவிடும். 13-இல் அதே சர்க்கரையை ஒரு புரதத்தோடு கோர்த்திருப்பார்கள், அப்படிச் செய்தால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. அதனால்தான் வழக்கமாக முதலில் 13, ஒரு வருடம் கழித்து 23. யாராவது தெரியாமல் 23-ஐ முதலில் போட்டுவிட்டாலும் பதற வேண்டாம், ஒரு வருடம் விட்டு மற்றதைப் போடலாம். இப்போது 20 வகை, 21 வகை ஊசிகளும் வந்துவிட்டன (அமெரிக்காவில் 2021-இலும் 2024-இலும் அனுமதி கிடைத்தது), அவற்றில் ஒன்றைப் போட்டால் 23 தேவைப்படாது. உங்களுக்கு எது கிடைக்கும் என்று டாக்டரிடமே கேளுங்கள்.

சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நம் நாட்டில் 2017-இல் குழந்தைகளுக்கு, புரதம் கோர்த்த இந்த வகை ஊசியை அரசு இலவசமாகப் போட ஆரம்பித்து, 2021-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். பெரியவர்களுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை, கையிலிருந்துதான் போட வேண்டும், விலையும் ஆயிரக்கணக்கில் வரும். எனக்கு இதில் ரொம்ப வருத்தம், பென்ஷன் இல்லாத பெரியவர்கள் எங்கே போவார்கள்?

அப்பாவிடம் சொல்லுங்கள், இந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் நிமோனியா வர வழியே இல்லை. இரண்டு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசாகக் காய்ச்சல் காயும், அவ்வளவுதான். ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம், போட்ட இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும். அப்புறம், ஊசியை வெளியே வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் போட்ட டப்பாவில் கொண்டுபோங்கள், ஆனால் ஐஸ் மேலே பட்டு உறைந்துபோகக் கூடாது, உறைந்த மருந்தைப் போடவே கூடாது.

பருத்தித்துறை லண்டன்

இங்கே என் அம்மாவுக்கு 65 வயதானதும் கூப்பிட்டு 23 வகை ஊசியை இலவசமாகப் போட்டுவிட்டார்கள். அதோடு ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்க முதல் ஃப்ளூ ஊசி. தம்பி, நீங்கள் ஃப்ளூ ஊசியைப் பற்றிக் கேட்கவே இல்லையே? வயது போனவர்களுக்கு ஃப்ளூ வந்து சுவாசப்பையைப் புண்ணாக்கிவிட்டால் அந்த வழியாகத்தான் இந்தக் கிருமி லேசாக உள்ளே போகிறது. இரண்டையும் ஒரே நாளில் இரண்டு கையிலும் போடலாம், அம்மாவுக்கு அப்படித்தான் போட்டது.

மல்லிகைக்கொடி

ஊசி போட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்காதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் மாமியாருக்கு 78 வயது, காய்ச்சலே இல்லை, இருமலும் பெரிதாக இல்லை, இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்றார், மூன்றாம் நாள் என்னை யார் என்று கேட்டார். வயதாகிவிட்டது, மறதி என்று நாங்கள் விட்டுவிட்டோம். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஓடினோம், எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தது. பதினோரு நாள் ஐசியூ. பிழைத்துவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு தனியாக நடக்கவே இல்லை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிமோனியா வரும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. திடீர்க் குழப்பம், தடுமாறி விழுவது, சாப்பிட மறுப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்

மல்லிகை சொன்னது அத்தனையும் சரி, ஊசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு என்று இருந்துவிடக் கூடாது. நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய 84,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 13 வகை ஊசியைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசியில் உள்ள வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்தது, அதே வகைகள் ரத்தம் வரை பரவுகிற கொடிய நோய் 75 சதவீதம் குறைந்தது. வைரஸால் வருவதையோ, புரையேறி உணவு நுரையீரலுக்குள் போய் வருவதையோ இந்த ஊசி தடுக்காது. அதனால் ராத்திரி பல் தேய்ப்பது, பல்செட்டைக் கழற்றிக் கழுவுவது, படுத்துக்கொண்டே சாப்பிடாமல் இருப்பது, இதெல்லாமும் வேண்டும்.

குடந்தை மகன்

எல்லோருக்கும் நன்றி. மல்லிகை அக்கா எழுதியதை போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "சனிக்கிழமை வா, போய்ட்டு வந்துடலாம்" என்றார். அம்மாவுக்கும் 67, அவரையும் சேர்த்தே கூட்டிப் போகிறேன். 13, ஃப்ளூ இரண்டையும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.